உப்பும் உபவாசமும் உடல் எடையும்



தமிழ் நீதிநூல்களுள் சமணச் சான்றோர் அருளியவை சில, மருந்தின் பெயரையே தம் பெயராகக் கொண்டவை. ஏலம் முதலாக ஆறு பொருள்கள் கூடியது ஏலாதி. அப்பெயரில் நூல் செய்தவர் கணிமேதாவியார். ஐந்து சிறு வேர்கள் கூடியது சிறுபஞ்சமூலம். அப்பெயரில் நூல் செய்தவர் காரியாசான். உடல்நோய்க்கு மருந்து எத்தகையதோ, உயிர்நோய்க்கு அறம் அத்தகையது என்பது அப்பெயர்களின் குறிப்பு. மருந்தை இழிவென எண்ணிய மரபாயின் அறநூலுக்கு மருந்தின் பெயரைச் சூட்டியிராது. இல்லறத்தார்க்கு விதித்த நால்வகைத் தானங்களுள் ஔஷத தானமும் ஒன்று. பிறர்க்கு மருந்து கொடுத்தல் புண்ணியமெனில், தன் நோய்க்கு மருந்து கொள்ளுதல் குற்றமாதல் இயலாது.

இருந்தும் இன்று பல இல்லங்களில் ஒரு சிறு மாத்திரை தயக்கத்தோடு பார்க்கப்படுகிறது. அது தைராய்டு சுரப்பி குறைவாக வேலை செய்வோர்க்கு மருத்துவர் எழுதித் தரும் மாத்திரை.

நாற்பத்தைந்து வயதுள்ள ஒரு குடும்பத்தலைவியை எண்ணிப் பார்க்கலாம். கதிரவன் மறையுமுன் உண்டு முடிப்பவர். கிழங்கு தொடாதவர். அட்டமி, சதுர்த்தசி நாள்களில் உபவாசம் காப்பவர். இரண்டாண்டுகளாக அவர் உடல் பருத்துக்கொண்டே வருகிறது. சோர்வு, மலச்சிக்கல், முடி உதிர்தல், பிறர்க்கு வியர்க்கும் வேளையிலும் தமக்குக் குளிர்தல் ஆகியவை உடன் சேர்கின்றன. நாத்தனார் ஒருவர், "இத்தனை விரதம் இருந்தும் அண்ணிக்கு உடம்பு இளைக்கவில்லையே!" என்று சிரிக்கிறார். யாரும் காணாமல் உண்கிறார் என்னும் பொருள் அச்சிரிப்பில் இருக்கிறது. குருதிப் பரிசோதனையில் நோய் தெரிய, மாத்திரை தொடங்குகிறது. மூன்று மாதத்தில் எடை பெரிதாகக் குறையவில்லை. தசலட்சண பர்வம் வருகிறது. பத்து நாளும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். விரதமாவது உடம்பை இளைக்கச் செய்யட்டும் என்பது அவர் எண்ணம்.

இக்காட்சியில் இருவர் பிழை செய்கின்றனர். நோயை நாவடக்கமின்மை எனக் கொண்டு பழித்தவர் ஒருவர். மருந்தையும் விரதத்தையும் ஒன்றுக்கொன்று பகையாக்கிக்கொண்டவர் மற்றவர். இரண்டையும் திருத்துதற்குச் சமணம் வகுத்த மும்மணியே வழிகாட்டும். உள்ளதை உள்ளவாறு காணுதல், கண்டதை ஐயமற அறிதல், அறிந்தபடி ஒழுகுதல் என்னும் மூன்றும் முத்தி நெறிக்குக் கூறப்பட்டவை. அவ்வரிசை அன்றாட வாழ்வுக்கும் பொருந்தும்.

முதலாவது நற்காட்சி. இந்நோயைக் காணுதற்குத் தூத்துக்குடிக் கடற்கரை ஏற்ற இடம். கொற்கை முத்தால் பெயர்பெற்ற இக்கரை இன்று உப்பால் வாழ்கிறது. குஜராத்துக்கு அடுத்தபடி உப்பு மிகுதியாக விளைவது தமிழ்நாட்டில், தமிழ்நாட்டில் தூத்துக்குடியில். வேம்பார் முதல் ஆறுமுகநேரி வரை பாத்திகளில் கடல்நீரும் நிலத்தடி உவர்நீரும் வெயிலில் காய்ந்து வெண்மணிகளாகின்றன. இம்மாவட்டம் சமணர்க்கு அயலானதும் அன்று. கழுகுமலைப் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வீற்றிருக்கின்றன. அவற்றின் கீழுள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் ஆசிரியர் பெயர்களோடு குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களின் பெயர்களும் காணப்படுகின்றன.

தைராய்டு என்பது கழுத்தின் முன்புறத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்த சுரப்பி. அது சுரக்கும் தைராக்சின் உடல் முழுவதும் உணவு ஆற்றலாக மாறும் வேகத்தை நடத்துகிறது. தைராக்சினை ஆக்குதற்கு அயோடின் வேண்டும். வளர்ந்த ஒருவர்க்கு நாளொன்றுக்கு வேண்டுவது 150 மைக்ரோகிராம்; ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பகுத்தால் அதில் ஒரு பங்கே மைக்ரோகிராம். கருவுற்ற பெண்ணுக்கு 250 மைக்ரோகிராம் வேண்டும். அது குறையின் குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றும்.

கடலில் விளைந்த உப்பாதலின் அதில் அயோடின் தானே இருக்கும் என்று எண்ணுவோர் பலர். அது பிழை. கடல்நீரில் அயோடின் மிகச் சிறிதளவே உள்ளது. உப்பு விளைகையில் அதுவும் பெரிதும் தங்குவதில்லை. ஆகவே உப்பளத்தின் அருகில் வாழ்ந்து, கல்லுப்பை அப்படியே வாங்கிப் பயன்படுத்தும் குடும்பத்துக்கும் அயோடின் குறைவு நேரலாம். இமயச் சாரலில் காங்ரா பள்ளத்தாக்கில் 1956இல் தொடங்கிய ஆய்வில், மருத்துவ அறிஞர் வி. இராமலிங்கசுவாமியும் அவருடன் பணியாற்றியோரும், உப்பில் அயோடின் சேர்த்து வழங்கினால் கழுத்துக் கழலை குறையும் என்பதைக் காட்டினர். 1962இல் நடுவண் அரசு கழலை ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. உணவுக்கு அயோடின் சேராத உப்பை விற்றலாகாது என்னும் தடை இடையில் நீக்கப்பட்டு, 2006 மே மாதம் மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

இங்குச் சமண இல்லங்கள் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. புறத்தவம் ஆறனுள் ரசபரித்தியாகம் ஒன்று. பால், தயிர், நெய், எண்ணெய், இனிப்பு, உப்பு என்னும் அறுசுவைப் பொருள்களுள் ஒன்றையோ பலவற்றையோ துறத்தல் அது. உப்பை நீண்டநாள் துறப்பவர் அயோடினையும் துறக்கிறார். விரத நாளில் கடலுப்புக்கு மாற்றாகச் சிலர் கொள்ளும் இந்துப்பில் பெரும்பாலும் அயோடின் சேர்க்கப்படுவதில்லை. சில நாள் விரதத்தால் தீங்கில்லை. ஆண்டு முழுவதும் வீட்டில் இந்துப்பே புழங்குமாயின், கருவுற்ற மகளோ மருமகளோ அவ்வீட்டில் இருப்பாராயின், அதை மருத்துவரிடம் சொல்லுதல் கடமை.

எனினும் அயோடின் உப்பு உண்டும் இந்நோய் வருகிறதே என்னும் கேள்வி எழும். அயோடின் போதிய அளவு கிடைக்கும் இடங்களில் முதன்மைக் காரணம் வேறு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் தன் சுரப்பியையே பகையாகக் கருதி மெல்ல மெல்ல அழித்தலே அது. 1912இல் அதை முதலில் விளக்கி எழுதிய ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோவின் பெயரால் அந்நோய் வழங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அது மிகுதி. இதற்கு உப்பைக் கூட்டி உண்பதால் பயனில்லை. மிகையான அயோடின் நோயை வளர்க்கவும் கூடும். மன்னார் வளைகுடாவில் விளையும் கடற்பாசி இனங்களுட் சில அயோடின் செறிந்தவை. அவற்றாலான பொடிகளை எடை குறைக்கும் மருந்தென நம்பித் தாமாக உட்கொள்ளுதல் தகாது.

சென்னை உட்பட இந்தியாவின் எட்டு நகரங்களில் 5,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2013இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேருக்குத் தைராய்டு குறைவு காணப்பட்டது. உள்நாட்டு நகரங்களைவிடக் கடலோர நகரங்களில் சற்றே குறைவு. ஆயினும் அங்கும் நோய் இருந்தது. பத்தில் ஒருவருக்கு வரும் நோயை ஒருவரின் ஒழுக்கக் குறையாகக் காணுதல் நற்காட்சி ஆகாது.

இரண்டாவது நல்ஞானம். எடையைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் தெளிவாக அறிய வேண்டுவன சில உள்ளன.

தைராய்டு குறைவால் மட்டும் ஏறும் எடை பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து கிலோவுக்குள் அடங்கும் என்பது மருத்துவர் கணக்கு. அதிலும் பெரும்பகுதி கொழுப்பன்று; உடலில் தங்கிய உப்பும் நீரும். மருந்து சரியான அளவில் அமைந்தால் அந்தப் பகுதி வடியும். பதினைந்து கிலோ ஏறியிருப்பின் மீதிக்கு உணவு, உழைப்பின்மை, வயது, மகப்பேறு, உறக்கக் குறைவு என வேறு காரணங்கள் இருக்கும். நோய் தந்த சோர்வால் நடை குறைந்ததும் அவற்றுள் ஒன்று. ஆகவே, "எல்லாம் தைராய்டால்" என்பதும் முழு உண்மையன்று. "தைராய்டு வெறும் சாக்கு" என்பதும் உண்மையன்று. ஒரு பொருளை ஒரே பக்கத்தில் நின்று முடிவு கட்டலாகாது எனக் கற்பிக்கும் அநேகாந்தம் அறிந்தோர்க்கு இது கடினமான பாடமன்று.

மாத்திரை பசியைக் குறைக்கும் மருந்தன்று. கொழுப்பைக் கரைக்கும் மருந்துமன்று. சுரப்பி தர இயலாததை நாள்தோறும் ஈடு செய்வதே அதன் பணி. விரைவில் இளைக்க விரும்பி அளவை மிகுத்து உண்டால் நெஞ்சத் துடிப்பு தாறுமாறாகும்; எலும்பு வலுவிழக்கும். தொடங்கிய பின்னும் அளவை மாற்றிய பின்னும் ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே டி.எஸ்.எச். பரிசோதனை உண்மை நிலையைக் காட்டும். முடி உதிர்வுக்கெனப் பயோட்டின் மாத்திரை உண்பவர் பரிசோதனைக்கு முன் அதை மருத்துவரிடம் கூற வேண்டும். அது முடிவுகளைத் திரித்துக் காட்டும்.

மருந்து உயிர்க்கொலையால் வந்ததோ என்னும் ஐயம் சமணர்க்கு இயல்பு. அது போற்றத்தக்க ஐயமும் ஆகும். அதற்கு விடை வரலாற்றில் இருக்கிறது. 1891இல் இங்கிலாந்தின் ஜார்ஜ் மரே என்னும் மருத்துவர், இந்நோய் முற்றிய 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றைச் செலுத்தி உயிர் காத்தார். அப்பெண் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த ஓருயிர்க்காக 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன. 1914இல் அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் தைராக்சினைத் தனியே பிரித்தெடுத்தார். 1927இல் இங்கிலாந்தின் சார்லஸ் ஹாரிங்டனும் ஜார்ஜ் பார்கரும் அதை ஆய்வுக்கூடத்திலேயே ஆக்கிக் காட்டினர். இன்று மருத்துவர் எழுதும் லீவோதைராக்சின் அவ்வழி வேதிமுறையில் ஆக்கப்படுவது; ஆட்டின் சுரப்பியிலிருந்தோ பன்றியின் சுரப்பியிலிருந்தோ எடுக்கப்படுவதன்று. விலங்கின் உலர்ந்த சுரப்பியால் ஆன மாத்திரைகள் சில வெளிநாடுகளில் இன்றும் உண்டு. அயல்நாட்டில் வாழும் பிள்ளைகள் அதைக் கேட்டறிந்து கொள்ளலாம். மாத்திரையில் சேரும் துணைப்பொருள் பற்றி ஐயமுள்ளவர் மருந்தாளரிடம் வினவலாம். ஐயத்தால் மருந்தை விடுவதைவிட, வினவித் தெளிந்து உண்பதே அறிவு.

நோய் அசாதா வேதனீய கர்மத்தின் பயன் என்று கொள்வோரும் மருந்தை விலக்க வேண்டியதில்லை. வினைப்பயன் உண்டு என்ற நெறியே முயற்சியும் உண்டு என்றது. முயற்சி பயனற்றதாயின் விரதமும் பயனற்றதாகும்.

மூன்றாவது நல்லொழுக்கம். இம்மாத்திரையை வெறும் வயிற்றில் நீருடன் உட்கொண்டு, அரைமணி முதல் ஒருமணி நேரம் கழித்தே காப்பியோ பாலோ உணவோ கொள்ள வேண்டும். இவ்விதி பல வீடுகளில் சுமையாகத் தோன்றுகிறது. கதிரவன் உதித்து இரண்டு நாழிகை கழித்தே உண்ணும் நியமம் உடைய சமண இல்லத்துக்கு இது சுமையே அன்று. இரண்டு நாழிகை என்பது 48 நிமிடம். உதயத்தில் மாத்திரை, பின்னர்ச் சாமாயிகமோ ஜினாலய தரிசனமோ நடையோ, இரண்டு நாழிகைக்குப் பின் உணவு. முன்னோர் வகுத்த நியமத்துக்குள் இம்மருந்து தானே அமைந்துகொள்கிறது. கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் இடையே நான்கு மணி நேரம் வேண்டும். சோயா உணவும் மருந்து உட்செல்வதைத் தடுக்கும். மீல் மேக்கர் உண்பவர் அதை மாத்திரை வேளையினின்று விலக்கி வைத்துக்கொள்ளலாம். வெயிலும் ஈரக்காற்றும் மிகுந்த கடற்கரை ஊர்களில் மாத்திரைப் புட்டியை அடுப்படியிலோ சன்னலோரத்திலோ வைக்காமல், இறுக மூடி உலர்ந்த நிழலில் வைத்தல் நன்று.

உபவாச நாளில் என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. தைராக்சின் உடலில் மெதுவாகவே குறைவது. பாதி குறைவதற்கே ஏறத்தாழ ஏழு நாள் ஆகும். நீரும் அருந்தாத ஒருநாள் உபவாசத்தால் பெரும்பாலோர்க்கு உடனடித் தீங்கு நேர்வதில்லை. பத்து நாள் தொடர்ந்து நிறுத்தினாலோ, அளவு பாதிக்கும் கீழே போய்விடும். சோர்வும் நீர்க்கோவையும் திரும்பும். ஆகவே பர்வத்துக்கு முன்பே மருத்துவரைக் கண்டு, "இந்நாள்களில் இவ்விரதம் இருக்கிறேன்" என்று சொல்லி வழி கேட்பதே முறை. இதயநோய், சர்க்கரை நோய் உடையவரும், கருவுற்றவரும், நோய் இன்னும் கட்டுப்படாதவரும் தாமாக முடிவு செய்யலாகாது. ஆற்றலுக்கு ஏற்ற தவமே தவம் என்பது நூற்கொள்கை.

தவத்தின் நோக்கம் வினை உதிர்த்தல். எடை குறைத்தல் அன்று. உபவாசத்தை எடை குறைக்கும் கருவியாக்கினால் உபவாசத்தின் மதிப்பே குறைகிறது. எடையும் நிலையாகக் குறைவதில்லை. நீண்ட பட்டினியில் முதலில் இறங்குவது நீர். பின்னர்க் கொழுப்போடு தசையும் கரையும். பாரணையில் நெய்யும் இனிப்பும் திரும்ப, இறங்கிய எடை மீண்டும் ஏறுகிறது. ஒருவேளை உணவு நியமத்திலும் இவ்விடர் உண்டு. இருவேளை உணவை ஒரே இலையில் கொள்பவர் நேரத்தைக் குறைத்தாரே ஒழிய அளவைக் குறைக்கவில்லை.

எடை குறைய விரும்பும் இல்லறத்தார்க்குப் பொருந்துவது புறத்தவத்துள் மற்றொன்று. அதன் பெயர் அவமோதரியம்: வயிறு நிறையுமுன் நிறுத்துதல். ஒருநாள் செய்து மறுநாள் விடுவதன்று. நாள்தோறும் சிறிது செய்வது. உபவாசத்தை ஊர் அறியும். அவமோதரியத்தைத் தாமன்றி ஒருவரும் அறியார். ஒரு மேசைக்கரண்டி நெய் ஏறத்தாழ 120 கலோரி. அதைச் செலவிட அரைமணி நடக்க வேண்டியிருக்கும். இந்த ஒரு கணக்கை அறிந்தால் எங்கே குறைப்பது என்பது விளங்கும். உடன்குடிக் கருப்பட்டி மணமும் சுவையும் மிக்கது. ஆயினும் எடைக் கணக்கில் அதுவும் சர்க்கரையே. சோற்றில் ஒரு பங்கைக் குறைத்து, பருப்பு, பாசிப்பயறு, நீர்மோர், கீரை, காய்களைக் கூட்டினால் பசியும் அடங்கும், தசையும் தேயாது. கரிசல் நிலக் கம்பு நல்லுணவு. அயோடின் குறைந்த நிலையில் நாள் முழுதும் அதையே உண்டால்தான் சுரப்பிக்கு இடையூறு நேரும். அளவோடு மாற்றி மாற்றி உண்பவர்க்கு அச்சம் வேண்டா.

உழைப்புக்கு உலகச் சுகாதார நிறுவனம் கூறும் அளவு வாரத்துக்கு 150 நிமிட விறுவிறுப்பான நடை. வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. தூத்துக்குடியில் ரோச் பூங்காவும் முத்துநகர்க் கடற்கரையும் நடைக்கு உகந்தவை. நோய் கட்டுப்படும் வரை பத்து நிமிடமே போதும். சோர்வு நீங்க நீங்க நீட்டிக்கொள்ளலாம். வாரத்துக்கு அரைக் கிலோ குறைதலே நல்ல வேகம். எண்பது கிலோ உடையவர் நான்கு கிலோ குறைத்தாலும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பயன் பெறும்.

இறுதியாக வீட்டாருக்கு ஒரு சொல். இக்கடலில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது. அதில் மாண்ட சிப்பிகளை எண்ணினால் சமணர் நெஞ்சம் வருந்தும். ஆயினும் அத்தொழிலில் கற்கத்தக்கது ஒன்றுண்டு. மூழ்குபவர் கல்லின் எடையோடு ஆழத்தில் இறங்குவார். படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி, அதன் சிறு அசைவையும் கவனித்திருப்பார். மூழ்கியவர் மேலே வருவது தம் மூச்சின் வலிமையால் மட்டுமன்று. கயிறு பிடித்தவரின் கவனத்தாலும்தான். எடையோடு போராடும் பெண்ணுக்கு அந்தக் கயிறு கணவரின் கையிலும், மாமியாரின் கையிலும், மக்களின் கையிலும் இருக்கிறது. காலையில் மாத்திரைக்கு நீர் கொண்டுவந்து கொடுத்தல், பரிசோதனை நாளை நினைவூட்டுதல், உடன் நடத்தல், உருவத்தைச் சுட்டிச் சிரியாதிருத்தல் ஆகியவை பொருட்செலவில்லாத ஔஷத தானங்கள். வாக்கினால் ஓருயிரை வருத்துதலும் ஹிம்சையே என்று கற்பித்த அறம் இது. அந்த அறத்தை அந்நாத்தனாரும் நினைவு கொண்டால், வரும் தசலட்சண பர்வத்தில் அவருடைய அண்ணி உதயத்தில் மாத்திரையும் உண்பார். தம் ஆற்றலுக்கேற்ற விரதமும் காப்பார்.

ஜெய் ஜினேந்திரா.